பதினேழாம் பக்கத்திலிருந்து

கூரியரில் வந்த உறையைக் கணக்கு வாத்தியார்தான் பிரித்தார். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும், வீட்டுக்குள் வரும் எதையும் முதலில் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மனைவியின் கையில் கொடுப்பார். உள்ளே தட்டச்சு செய்த தாள்கள் ஒரு கட்டாக இருந்தன, ஓரத்தில் துளையிட்டு நூலால் கட்டியிருந்தது. விரலை நாக்கில் தொட்டு முதல் தாளைப் புரட்டியவர் நெற்றியைச் சுருக்கினார். பக்க எண் பதினேழு. கடைசித் தாளைப் பார்த்தார், முந்நூற்று நாற்பது. மறுபடியும் முதல் தாளுக்கு வந்தார், அது பதினேழாகவேதான் இருந்தது. உறைக்குள் கையை விட்டுத் துழாவினார், தலைகீழாகப் பிடித்து உதறினார். ஒரு சிறு சீட்டு மட்டும் விழுந்தது.

"வழியில பதினாறு பக்கத்தைத் தொலைச்சிட்டாங்க," என்றார். "இரு, போன் போட்டு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

அவள் குனிந்து சீட்டை எடுத்தாள். அண்ணனின் கையெழுத்து. வயதாக ஆக எழுத்துகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நடந்தன. 'சுண்டு, முதல் பதினாறு பக்கம் காணோம். வழக்கம்போல நீயே எழுதிக் கட்டிவிடு' என்று இரண்டே வரி. அறுபத்து மூன்று வயதில் அவளைச் சுண்டு என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. அவள் சீட்டை நாலாக மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"தொலையலைங்க," என்றாள். "அவன் எழுதவே இல்ல."

வாத்தியாருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆறு நாவல் எழுதிப் பேர் வாங்கிய மச்சான், ஏழாவதற்கு முதல் அத்தியாயத்தை எழுதாமல் பதினேழில் தொடங்குவானேன்? அதைத் தங்கையின் தலையில் கட்டுவானேன்? அவளோ கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பால் கணக்கையும் கடிதங்களையும் தவிர ஒன்றும் எழுதிப் பார்த்ததில்லை. கேட்டார். அண்ணனுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் கட்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். கிறுக்கு ஒன்றும் இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவளும் அண்ணனும் வளர்ந்த வீட்டு முன்னறையில்தான் அப்பா வாடகை நூலகம் நடத்தினார். நாலு சுவரிலும் கூரை வரை தட்டுகள், நடுவில் மேசை, தெருப் பக்க சன்னலுக்குக் கீழே ஒரு நீள பெஞ்சு. எல்லாம் பழைய புத்தகங்கள். ஊரில் யாராவது வீடு மாற்றினாலோ, கண்ணை மூடினாலோ அப்பா சைக்கிளோடு போய் நிற்பார். மூட்டையாக வந்து இறங்குவதில் பத்துக்கு மூன்றில் முதல் பதினாறு பக்கம் இருக்காது. பதினாறு பதினாறு பக்கமாக மடித்துத் தைத்த புத்தகங்கள் அவை. அட்டையை ஒட்டிய முதல் மடிப்பில் நூல் விட்டால் மொத்தமும் கழன்றுவிடும். அப்பாவுக்கு இதில் ஒரு தத்துவமே இருந்தது. எந்தப் புத்தகத்தையும் நூறு பேர் திறக்கிறார்கள், முப்பது பேர்தான் முடிக்கிறார்கள். அடி உதை எல்லாம் முதல் அத்தியாயத்துக்கு. கடைசி அத்தியாயம் பாருங்கள், உறை பிரிக்காத சோப்பு மாதிரி மணக்கும் என்பார்.

முதல் பக்கங்கள் இல்லாத புத்தகத்தை வாசலில்லாத வீடு என்பார் அப்பா. யார் உள்ளே போவார்கள்? அதனால் அவற்றுக்கு வாசல் வைக்கும் வேலை அண்ணனுக்கும் தங்கைக்கும் வந்து சேர்ந்தது. தொடக்கத்தில் நேர்மையாகத்தான் செய்தார்கள். அந்தப் புத்தகத்தை வேறெங்காவது படித்தவர்களைப் பிடித்து எப்படி ஆரம்பிக்கும் என்று கேட்பார்கள். ஆச்சரியம் என்னவென்றால் யாருக்கும் ஆரம்பம் நினைவிருக்காது. முடிவை வரி பிசகாமல் ஒப்பிப்பவர்கள்கூட ஆரம்பத்தைக் கேட்டால் மோட்டுவளையைப் பார்ப்பார்கள். நல்லா ஆரம்பிக்கும்பா, அவ்வளவுதான் தெரியும் என்பார்கள். வேறு வழியில்லாமல் இவர்களே எழுத ஆரம்பித்தார்கள். நாலைந்து வருடத்தில் முப்பத்தெட்டு முதல் அத்தியாயம்.

அதற்கென்று ஒரு முறை இருந்தது. இரண்டாம் அத்தியாயத்தைச் சோதனை போடுவது என்று அதற்குப் பெயர். வரி வரியாகப் படித்து, இதற்கு முன்னால் என்னென்ன நடந்திருந்தால் இது இப்படி இருக்கும் என்று பிடிக்க வேண்டும். இரண்டாம் அத்தியாயத்தில் கதாநாயகி இடது கையில் கட்டோடு வந்தால் முதல் அத்தியாயத்தில் அந்தக் கைக்கு ஏதாவது ஆகியாக வேண்டும். அண்ணன் உடனே நாயைக் கடிக்க விடுவான். எந்தக் கதையானாலும் அவனுக்கு ஒரு நாய் வேண்டும். அவள் இஸ்திரிப் பெட்டி என்பாள். இஸ்திரி போடுகிறவளுக்குக் கவனம் ஏன் சிதறியது, அந்த நேரத்தில் வாசலில் வந்து நின்றது யார் என்று அதிலிருந்து ஒரு ஆளை உள்ளே இழுக்கலாம். நாயிடமிருந்து என்னத்தை இழுப்பது? இப்படி முட்டிக்கொண்டே எழுதுவார்கள். அவன் அறைக்குக் குறுக்கும் நெடுக்கும் நடந்து சொல்லச் சொல்ல அவள் டைப்ரைட்டரில் தட்டுவாள். அவன் சொல்லாததையும் நடுநடுவே தட்டுவாள். முடித்த பிறகு படித்துப் பார்ப்பானே தவிர, அவள் தட்டியதில் ஒரு சொல்லையும் அவன் மாற்றியதில்லை. அதுவும் முறையில் சேர்ந்ததுதான்.

தாள் புதுசாகத் தெரியக் கூடாது என்று அப்பா நாலு நாள் மாடி வெயிலில் போட்டு எடுப்பார். பிறகு மடித்து, தைத்து, பசை தடவி ஒட்டுவார். ஒருமுறை ஒரு நர்ஸம்மா, இதே கதையை வேறு ஊரில் படித்தபோது வேறு மாதிரி ஆரம்பித்ததே என்று சந்தேகம் கேட்டார். அப்பா கண்ணிமைக்காமல், அது முதல் பதிப்பும்மா, இது திருத்திய பதிப்பு என்றார்.

அவர்களுக்குப் பரீட்சை வைத்தது அந்தப் பெஞ்சுதான். ஒட்டிய புத்தகத்தைத் தட்டில் வைத்துவிட்டு, அண்ணனும் அவளும் உள் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள். எடுக்கிற ஆள் நின்றுகொண்டேதான் முதல் பக்கத்தைப் படிப்பார். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினால் போச்சு, தோல்வி. கண்ணைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல், ஒரு கை மட்டும் பின்னால் போய்ப் பெஞ்சைத் துழாவினால் வெற்றி. அப்படி ஒரு கை துழாவுவதைப் பார்க்கும்போது அண்ணன் அவள் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைப்பான். வலிக்கும். அந்த வருடங்களில் இருந்த சந்தோஷம் அவளுக்குப் பிறகு எப்போதும் வாய்க்கவில்லை. வாத்தியார் மனசு நோகும் என்பதால் அவரிடம் இதைச் சொன்னதில்லை.

அவளுக்குப் பத்தொன்பது, அண்ணனுக்கு இருபத்து மூன்று. அண்ணன் மஞ்சள் காமாலையில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் ஒரு புத்தகம் வந்தது. அப்போது பெரிய பேரோடு இருந்த ஒரு நாவலாசிரியர் எழுதியது. வழக்கம்போல முதல் பதினாறு பக்கம் இல்லை. இரண்டாம் அத்தியாயம் இப்படித் தொடங்கியது: ஒரு குமாஸ்தா சாயங்காலம் சொட்டச் சொட்ட நனைந்து வீட்டுக்கு வருகிறான். வெளியே மழையில்லை. மனைவி ஏனென்று கேட்கவில்லை, துண்டை மட்டும் எடுத்து நீட்டுகிறாள். அண்ணன் இருந்திருந்தால் நாய் துரத்திக் குளத்தில் விழுந்தான் என்றிருப்பான். அவள் மூன்று நாள் அந்தத் துண்டையே யோசித்தாள். ஒரு மனைவி எப்போது கேட்காமல் இருப்பாள்? பதில் தெரிந்திருந்தால் கேட்கமாட்டாள். நாலாம் நாள் உட்கார்ந்து தனியாகவே எழுதினாள். அவள் கதையில் குமாஸ்தா எங்கேயும் விழவில்லை. ஆபீசிலிருந்து வரும் வழியில் அவனுக்கு அழுகை வந்துவிடுகிறது. அழுத முகத்தோடு வீட்டுக்குப் போக வெட்கப்பட்டு, தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழியும் இடத்தில் போய் உடுப்போடு நிற்கிறான். நிற்பதற்கு முன் கையிலிருந்த செய்தித்தாளை மடித்து, நனையாத இடமாகப் பார்த்து, ஒரு கல்லைத் தூக்கி மேலே வைத்துவிட்டுப் போகிறான். அந்த வரியைத் தட்டியபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

அண்ணன் வீடு திரும்பி ஒரு வாரம் ஆகியிருக்கும். எலும்பும் தோலுமாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் அந்த நாவலாசிரியர் நேரிலேயே வந்து நின்றார். கார் பழுதாகி ஊரில் மாட்டிக்கொண்டவர். எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தெரியாத ஊரில் நூலகத்தைப் பார்த்தால், தன் புத்தகம் இருக்கிறதா, அழுக்காகியிருக்கிறதா என்று பார்க்காமல் நகர மாட்டார்கள். இவருடையது இருந்தது. நல்ல அழுக்காகவும் இருந்தது. பூரிப்போடு எடுத்துத் திறந்தார்.

அவள் உள் கதவுக்குப் பின்னால் பசை வாளியோடு நின்றிருந்தாள். தாடியும் தோள்துண்டும் பத்திரிகைகளில் பார்த்தவைதான். ஆளைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது, முகம் வெளிறிப் போயிற்று. அந்த மனிதர் முதல் பக்கத்தைப் படித்தார். ஏட்டைத் திருப்பினார். அவர் எழுதாத அத்தியாயம், அவர் பெயரில். போலீசைக் கூப்பிடுவாரோ, நூலகத்தையே இழுத்து மூடச் சொல்வாரோ என்று அவள் பயந்தாள். அப்போது அவருடைய இடது கை பின்னால் போனது, காற்றில் இரண்டு தடவை தேடியது, பெஞ்சைத் தொட்டது. உட்கார்ந்து பதினாறு பக்கத்தையும் படித்தார். புத்தகத்தை மூடினார். முகத்தில் ஒரு குறிப்பும் இல்லை.

"இதை யார் எழுதினது?" என்றார்.

"நான்தாங்க," என்று தலையாட்டினான் அண்ணன்.

திட்டு விழப்போகிறது என்று நினைத்துத்தான் சொன்னான். அதில் அவளுக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லாதவன், தங்கைக்கு விழவேண்டிய அடிக்கு முதுகைக் காட்டினான். அடுத்த நிமிடம் அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். எழுந்து போய் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இவனைக் கால்வாயில தள்ளிவிட்டுட்டேன்யா. படித்துறையில வழுக்கிட்டான்னு எழுதிட்டுப் போயிட்டேன். பொண்டாட்டி ஏன் கேக்கலன்னு ஊரே கேட்டுச்சு, நான் முழிச்சேன். உன் கதையில இவன் தானாப் போய் நனையுறான். இப்பதான் எனக்கே தெரியுது, அவ ஏன் கேக்கலன்னு."

பிறகு அவர் புத்தகத்தைத் திறந்து, பிடித்த இடங்களை உரக்கப் படித்துக் காட்ட ஆரம்பித்தார். செய்தித்தாளின் மேல் கல்லை வைக்கும் இடத்தை இரண்டு தடவை படித்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அப்பா உள் கதவைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், மறுபடியும் கதவைப் பார்த்தார். அவள் வெளியே வரவில்லை. அடுத்த மாதம் அண்ணன் அந்த மனிதரிடம் உதவியாளாகப் போய்ச் சேர்ந்தான்.

மற்றதெல்லாம் ஊரறிந்தது. முதல் நாவல், இரண்டாவது நாவல், மாலை, மேடை. சுண்டு ஒரு பதிவு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தாள், வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள், இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்துக் கரையேற்றினாள். இடையில் எழுத நினைக்காமல் இல்லை. ஆனால் எது எழுதினாலும் அண்ணன் மாதிரியே எழுதுகிறாள் என்றுதான் சொல்வார்கள். அதை நினைத்தே விட்டுவிட்டாள். அண்ணன் தங்கை உறவுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஞாயிறுதோறும் தொலைபேசி, நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக வந்து நிற்பது, பெண்களின் கல்யாணத்தில் பந்தி விசாரித்தது எல்லாம் உண்டு. அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் பேச்சு எழாது. அவனுடைய முதல் நாவலில் 'தங்கைக்கு' என்று ஒரு காணிக்கை இருந்தது. அதைப் பார்த்த அன்று அவள் சோறு சாப்பிடவில்லை. ஒரே ஒரு ஆறுதல், அல்ப ஆறுதல்தான், அவன் நாவல்களுக்கு வரும் மதிப்புரைகள். ஆறு புத்தகத்துக்கும் எல்லோரும் ஒரே குறையைத்தான் எழுதினார்கள்: முதல் அத்தியாயத்தை எப்படியாவது தாண்டிவிட்டால் அருமையான நாவல். அவள் அந்த மதிப்புரைகளைக் கத்தரித்து வைத்திருந்தாள்.

இப்போது இந்தக் கட்டு. பின்னறைச் சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பதினேழாம் பக்கத்திலிருந்து படித்தாள். நூலகம் வைத்திருந்த ஒருவரின் மகன், பெரிய எழுத்தாளர் ஒருவரின் வீட்டுக்குப் பெட்டியோடு வந்து இறங்குகிறான். மாடிப்படிக்குக் கீழே அவனுக்கு ஒரு மேசை. சாயங்காலம் எழுத்தாளர் கூப்பிட்டு விடுகிறார். மேசை மேல் பதினாறு பக்கப் பழுப்புத் தாள்கள். 'உண்மையைச் சொல், எல்லாம் நீயே எழுதியதுதானே?' அடுத்த வரி: 'அவன் இரண்டாவது முறையாகத் தலையாட்டினான். முதல் முறை தலையாட்டியபோது அவனுக்குக் கூச்சம் இருக்கவில்லை.'

அவள் தாளைக் கீழே வைத்தாள். மனசு தானாகவே பழைய வேலையைத் தொடங்கியது. இதற்கு முன்னால் என்ன நடந்திருக்க வேண்டும்? இரண்டாவது என்று எண்ணிச் சொல்கிறவனுக்கு முதலாவது தனியாக நினைவிருக்கிறது. முதலாவதில் கூச்சமில்லை, அது தங்கைக்காக ஆட்டிய தலை. இரண்டாவது தனக்காக ஆட்டியது. இரண்டையும் இத்தனை வருடமும் தனித்தனியாகத்தான் வைத்திருந்திருக்கிறான், திருடன். இரண்டாவதைத் தானே எழுதிவிட்டு முதலாவதை அவள் கையில் விட்டிருக்கிறான்.

சாயங்காலத்துக்குள் முழுவதையும் படித்து முடித்தாள். முந்நூற்று இருபத்து நான்கு பக்கத்தில் எந்த இடத்திலும் அந்த மகனுக்குத் தங்கை என்று ஒருத்தி கிடையாது. கோபத்தில் காது சுட்டது. பிறகுதான் உறைத்தது, அவளை எழுத அவனால் முடியவில்லை, அவளுக்கென்று பதினாறு பக்கத்தை அப்படியே காலியாக விட்டு வைத்திருக்கிறான் என்று. அவள் என்ன எழுதினாலும் ஒரு சொல்லையும் மாற்றாமல் அச்சுக்குக் கொடுப்பான். அது முறை. அவள் நினைத்தால் அந்தப் பதினாறு பக்கத்தில் அவனுடைய ஆறு நாவலையும் மேடையையும் மாலையையும் குழியில் போட்டு மூடலாம். இந்த வயதில் அவன் அதைத் தாங்குவானா என்பது வேறு. தெரிந்தேதான் கொடுத்திருக்கிறான்.

மறுநாள் காலை எழுத உட்கார்ந்தாள். டைப்ரைட்டர் எப்போதோ போய்விட்டது. பெண் வாங்கிக் கொடுத்த கணினி இருந்தது. முதலில் அப்பாவின் சைக்கிளிலிருந்து தொடங்கினாள். ஒரு பக்கம் எழுதிவிட்டுப் படித்தால், நிற்கிறவர் கால் மாற்றுவது கண்ணுக்குத் தெரிந்தது. அழித்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து தொடங்கினாள், மஞ்சளாய்க் கிடந்த அண்ணனைப் பார்த்து அழுகை வந்துவிட்டது, அதுவும் போயிற்று. நாலாம் நாள் கோபம் வந்தது. 'அவன் எழுதாத ஓர் அத்தியாயத்தால்தான் அவன் எழுத்தாளன் ஆனான்' என்று முதல் வரியைப் போட்டாள். கை நிற்கவில்லை, ஒரே மூச்சில் பதினொரு பக்கம். அதைத்தான் வாத்தியார் படிக்கும்படி ஆயிற்று. அவள் குளிக்கப் போன நேரத்தில், திரையில் எத்தனை பக்கம் ஆகியிருக்கிறது என்று எண்ணப் போனவர், எண்ணியதோடு நிற்கவில்லை.

அவள் திரும்பி வந்தபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தெட்டு வருடக் கல்யாணத்தில் அவர் எதையும் எண்ணாமல் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"அப்ப அது நீ எழுதினதா?" என்றார்.

"ஆமாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

சொன்னால் நீங்கள் அண்ணனை மதிக்கமாட்டீர்கள் என்றாள். அவர் யோசித்தார், மறுக்கவில்லை. பிறகு பள்ளிக்கூடக் குரலில், ஒன்று சொல்லலாமா என்று கேட்டார்.

"நிரூபிக்க வேண்டியதை முதல் வரியிலயே போட்டுட்ட. அப்புறம் எதுக்கு மிச்சம் பதினஞ்சு பக்கம்? அதோட இதுல ஒரு படி விட்டுப்போச்சு. உங்கண்ணன் தான்தான்னு சொன்னாரு, சரி. நீ கதவுக்குப் பின்னாலதான நின்ன? ரெண்டு எட்டு வெச்சா முடிஞ்சிருக்கும். ஏன் வைக்கல? அதைக் காணோம்."

அவளுக்குச் சுருக்கென்றது. இந்த மனிதருக்குக் கதை பிடிக்காது, செய்தித்தாளைக்கூடக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். அவருக்குப் போய் இது தெரிகிறதே. பயந்துவிட்டேன் என்று சொல்லப் பார்த்தாள். பயம் அந்த மனிதர் சிரித்ததுமே போய்விட்டதே. அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லப் பார்த்தாள். இத்தனை வருடமும் தனக்குத் தானே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், சொல்லச் சொல்லக் கேட்க நன்றாகவும் இருந்தது. ஆனால் முதல் அத்தியாயத்தில் உட்கார வைத்துப் பார்த்தால் அது உட்காரவில்லை. பத்தொன்பது வயதுப் பெண் கதவுக்குப் பின்னால் நிற்கும் ஒரு நிமிடத்தில் அண்ணனின் எதிர்காலத்தையெல்லாம் நினைத்துப் பார்த்துத் தியாகம் செய்வாளா என்ன? அப்படி ஒரு பாத்திரத்தை அண்ணன் எழுதியிருந்தால் அவள் விட்டிருக்கமாட்டாள்.

இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. துணி மடித்தாள், தட்டுகளைத் துடைத்தாள், அந்த ஒரு நிமிடத்தையே திருப்பித் திருப்பிச் சோதனை போட்டாள். மூன்றாம் நாள் வெங்காயம் நறுக்கும்போது அது வந்தது. வந்ததும் அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது, அவ்வளவு சின்ன விஷயம். அந்த மனிதர் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். அதுதான். அவள் எழுதிய வரிகளை, முன்பின் தெரியாத ஒருவர், நல்ல கனத்த குரலில், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திப் படித்தார். அதுவரை அவளுடைய சொற்களை யாரும் வாய்விட்டுப் படித்து அவள் கேட்டதில்லை. வெளியே போனால் அவர் நிறுத்திவிடுவார். இன்னும் ஒரு வரி, இதோ இன்னும் ஒரே ஒரு வரி என்று நின்றாள். அவர் படித்து முடித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. யாரும் அவளிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை, அவளும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டாள், அவ்வளவுதான். கத்தியை வைத்துவிட்டு அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டு, வெங்காயம் என்று நினைத்துப் போய்விட்டார். அதுவும் நல்லதாகவே போயிற்று.

பதினாறு பக்கத்தையும் மூன்று நாளில் எழுதினாள். அண்ணன் 'நான்தாங்க' என்று சொன்னதை அப்படியே எழுதினாள், அவன் முதுகு எப்படி விறைத்தது என்பதையும் எழுதினாள். எழுதியது யார் என்பதை மறைக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல் எங்கேயும் வரவில்லை.

போன ஞாயிறு அண்ணன் கூப்பிடவில்லை. இந்த ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிட்டான். முதலில் வாத்தியாரிடம் பேசினான். வாத்தியார் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மரியாதை குறைவாகத்தான் பேசினார், ஆனாலும் மச்சானுடைய சர்க்கரை அளவை விசாரித்துவிட்டே கொடுத்தார். அண்ணன் மழையைப் பற்றிக் கேட்டான், பேரக் குழந்தைகளைப் பற்றிக் கேட்டான்.

"எழுதிட்டியா, சுண்டு?"

"ம்."

"நான் இருக்கேனா அதுல?"

"ரெண்டு பேரும் இருக்கோம்."

"கதவுக்குப் பின்னாடி நீ நின்னது எனக்குத் தெரியும்," என்றான். "பசை வாளியக் கீழ வெச்ச சத்தம் கேட்டுச்சு. வந்துடுவ, வந்துடுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ வந்திருந்தா நான் சொல்லியிருப்பேன். வராம இருந்தியா, அதையே சாக்கா வெச்சுக்கிட்டேன். என் பங்கு எனக்குத் தெரியும், எழுதிட்டேன். நீ ஏன் வரலங்கறது ஒண்ணுதான் இன்னைக்கு வரைக்கும் தெரியல. எப்படி எழுதினாலும் அந்த இடத்துல நீ அசைய மாட்டேங்கற. அதான் உன்கிட்ட அனுப்பினேன்."

அவன் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதும், வாளியின் சத்தம் இத்தனை வருடமும் அவன் காதில் இருந்தது என்பதும் அவளுக்குப் புதுசு. ஒரே அறையின் இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு காதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

"அனுப்பி வைக்கட்டுமா, இல்ல படிக்கட்டுமா?"

"படி," என்றான்.

அவள் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். வாத்தியார் அறைக்கு வெளியே வந்து நின்றார், உள்ளே வரவில்லை. அவள் முதல் வரியைப் படித்தாள். 'அவர் படித்துக்கொண்டிருந்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.' தன் குரல் தனக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது, கொஞ்சம் பெரிதாகவும் இருந்தது. அடுத்த வரிக்குப் போகும்முன் அண்ணன், இரு, இரு என்றான். நாற்காலி தள்ளப்படும் ஓசை, சுவர் வரை மெல்ல நடக்கும் செருப்பின் ஓசை, சொடுக்கென்று ஒரு சுவிட்ச். அந்தப் பக்கம் மின்விசிறி வேகம் குறைந்தது. அது பழைய விசிறியாக இருக்க வேண்டும், உடனே நிற்கவில்லை, ஒவ்வொரு சுற்றுக்கும் கிறீச்சிட்டுக்கொண்டு சோம்பலாகச் சுழன்றது. அவள் விரலை இரண்டாம் வரியில் வைத்துக்கொண்டு, அது முழுவதுமாக நிற்கும்வரை காத்திருந்தாள்.